பெர்சி ஸ்லெட்ஜா, மைக்கேல் போல்டனா? மலையில இருந்து வந்த பாட்டுக் கேள்விகள்

போன இதழ்ல, ரிசப்ஷன்ல பாடுற இங்கிலீஷ் பாட்டுல பாதிக்கு மேல அழுகைப் பாட்டுதான்னு ஒரு வரி எழுதி, உதாரணத்துக்கு ‘வென் எ மேன் லவ்ஸ் எ வுமன்’ பேரைப் போட்டுட்டு அடுத்த கேள்விக்கு போயிட்டேன். அவ்ளோதான். குன்னூர்ல இருந்து கூடலூர் வரைக்கும் எல்லாருக்கும் அந்தப் பாட்டு மேல ஒரு கேள்வி இருக்கும் போல, தபாலும் வாட்ஸ்அப்பும் குவிஞ்சு கெடக்கு. அதனால இந்த இதழ் முழுக்க இதுதான், சினிமாக் கேள்வி அனுப்பினவங்க கோச்சுக்காதீங்க, அடுத்த தடவை பார்த்துக்கலாம்.

அண்ணா, எங்க சித்தப்பாகிட்ட மைக்கேல் போல்டன் கேசட் இருக்கு. அந்தப் பாட்டோட ஒரிஜினல் அதுதான்னு அடிச்சு சொல்றார். எங்க அப்பா இல்லவே இல்லங்கிறார், ஆனா யார் பாடினதுன்னு அவருக்கும் தெரியல. வீட்ல ரெண்டு நாளா இதே பஞ்சாயத்து. தீர்ப்பு சொல்லுங்க. (கல்லூரி மாணவர், குன்னூர்)

தீர்ப்பு அப்பா பக்கம். ஆனா சித்தப்பாவையும் ரொம்ப கலாய்க்காத தம்பி, 1991-ல போல்டன் பாடி அது அமெரிக்கால நம்பர் ஒன் ஆனப்போதான் நம்ம பக்கத்துல நெறைய பேர் காதுல இந்தப் பாட்டு முதல் தடவையா விழுந்துச்சு. அதுக்கு முந்தி கேட்டவங்கன்னா ரேடியோ சிலோன் இங்கிலீஷ் சர்வீஸ் வெச்சுக் கேட்ட எஸ்டேட் பங்களாக்காரங்க, சில ஆங்கிலோ இந்தியன் வீடுங்க, போர்டிங் ஸ்கூல் பசங்க, அவ்ளோதான் இருப்பாங்க.

ஒரிஜினல் 1966. பாடினவர் பெர்சி ஸ்லெட்ஜ், அலபாமா மாநிலத்துல லெய்ட்டன்ங்கிற சின்ன ஊர்ல 1940-ல பொறந்தவர். அவருக்கு அப்போ பாட்டு தொழிலே கிடையாது. ஷெஃபீல்டுங்கிற ஊர்ல ஆஸ்பத்திரியில ஆர்டர்லி வேலை, நோயாளிங்களைப் பார்த்துக்கறது, சுத்தம் பண்றது, தள்ளிட்டுப் போறது, வாரக் கடைசியில எஸ்கொயர்ஸ் காம்போங்கிற பேண்டோட பார்ட்டிகள்ல பாடுறது. அதே ஊர்ல குவின் ஐவின்னு ஒருத்தர் ரெக்கார்டு கடை வெச்சிருந்தார், ரேடியோவுல டிஜேவாவும் இருந்தவர், அவர் நோராலான்னு ஒரு சின்ன ஸ்டூடியோ போட்டிருந்தார். அங்கதான் ரெக்கார்டிங். பக்கத்துல மசில் ஷோல்ஸ்ல ஃபேம் ஸ்டூடியோ நடத்திட்டு இருந்த ரிக் ஹால் இதைக் கேட்டுட்டு நியூயார்க்குக்கு போன் போட்டு, அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் ஜெர்ரி வெக்ஸ்லர்கிட்ட இது ஹிட்டுன்னு சொல்லிட்டார். மே மாசக் கடைசியில அமெரிக்காவோட பில்போர்டு ஹாட் 100 ஹிட் லிஸ்ட்ல முதல் இடம், ரெண்டு வாரம். ஊட்டியவிட ரொம்பச் சின்ன ஊர்ல, ஆஸ்பத்திரி ஊழியர் ஒருத்தர் பாடின முதல் ரெக்கார்டு! அந்த ஸ்டூடியோவுல வாசிச்சவங்க பெரும்பாலும் வெள்ளைக்காரப் பசங்க, பாடினவர் கருப்பர், இது நிறவெறி ஊறிப்போன அலபாமால அந்தக் காலத்துல நடந்திருக்குங்கிறதையும் சேர்த்து யோசிச்சுக்கோ.

நடுவுல இன்னொரு சங்கதி இருக்கு. 1987-ல பிரிட்டன்ல ஒரு லீவைஸ் ஜீன்ஸ் விளம்பரத்துல பழைய ரெக்கார்டையே போட்டாங்க, 21 வருஷம் கழிச்சு அது அங்க ரெண்டாவது இடம் வரைக்கும் ஏறிடுச்சு, முதல் தடவை வந்தப்போ நாலாவது இடம்தான். அதாவது கவர் வெர்ஷன், ஒருத்தர் பாட்டை இன்னொருத்தர் மறுபடி பாடறது, அது வந்துதான் பெர்சிக்கு மறுவாழ்வுன்னு யாராச்சும் சொன்னா நம்பாத, ஜீன்ஸ்தான் முந்திக்கிச்சு.

சார், நான் சர்ச் கொயர்ல ஆல்ட்டோ பாடறேன். மே மாசம் எங்க பெரியம்மா பொண்ணுக்கு கல்யாணம், ரிசப்ஷன்ல இந்தப் பாட்டைத்தான் பாடணும்னு மாப்பிள்ளை வீட்ல கேக்கறாங்க. யூடியூப்ல பத்து வெர்ஷன் கேட்டுட்டேன், எதைப் பார்த்து கத்துக்கறதுன்னு தெரியல. ஒரு பொண்ணு பாடினா சரியா இருக்குமா? கீபோர்டு வாசிக்கறது எங்க தம்பிதான், ப்ளஸ் டூ. (வாசகி, கோத்தகிரி)

இதுக்குத்தான் நான் பெரிய பதில் எழுதப் போறேன், டீயை எடுத்துட்டு வந்து உக்காருங்க அம்மணி.

மொதல்ல பாட்டுல என்ன நடக்குதுன்னு பாருங்க. ஆரம்பத்துல பாடறவன் தன்னைப் பத்தி பேசவே இல்ல. எவனோ ஒருத்தன், ஒருத்திகிட்ட மனசைக் குடுத்துட்டா என்ன ஆவான்னு ஊர்க்கதை மாதிரி சொல்றான். கையில இருக்கிற கடைசிக் காசு வரைக்கும் செலவழிப்பான், அவ சொன்னா மழையிலயும் போய்ப் படுப்பான், அவளைப் பத்தி ஒரு வார்த்தை தப்பா பேசினா உயிர் நண்பனையே தள்ளி விட்டுருவான். எல்லாமே ‘அவன்’, ‘அவன்’. அப்புறம் நடுவுல பிரிட்ஜ் வருது பாருங்க, அங்க ட்யூன் வேற பக்கம் திரும்புது, அந்த இடத்துலதான் ஆளு ஒடைஞ்சு, அந்த ‘அவன்’ நான்தான்னு ஒத்துக்கறான், உங்கிட்ட இருந்ததை எல்லாம் குடுத்துட்டேன், என்னை மோசமா நடத்தாதன்னு கெஞ்சறான். இவ்ளோ நேரம் அடுத்தவன் கதை சொல்லிட்டு இருந்தவன் மாட்டிக்கிட்டான். முடிஞ்சதும் மறுபடியும் ‘ஒருத்தன்’ கதைக்கே போறான், ஆனா இனி யார் நம்புவா?

என்னைக் கேட்டா இந்தப் பாட்டோட எந்த வெர்ஷனா இருந்தாலும் அந்தத் திருப்பத்துல பாஸா ஃபெயிலான்னு பார்த்தா போதும், மத்ததெல்லாம் அலங்காரம். பெர்சி குரல் தொடக்கத்துல இருந்தே மேல்ஸ்தாயில நின்னாலும் அதுல ஒரு அடக்கம் இருக்கு, அழுகையை முழுங்கிட்டுப் பேசற ஆள் மாதிரி. பிரிட்ஜ் வந்ததும்தான் அந்தக் கட்டு அறுந்து போகுது. போல்டன் நல்ல பாடகர், அந்தச் சாரீரம் சாதாரண விஷயம் இல்ல, ஆனா அவர் மொதல் வரியிலயே கழுத்து நரம்பு தெரியற மாதிரி பாடிடறார், அதனால திருப்பம் வர்றப்போ அவருக்குத் திரும்ப எடமே இல்லாம போயிடுது. கத்தறதுக்கு மேல இன்னும் கத்தணும்.

பொண்ணு பாடலாமா? தாராளமா. பெட் மிட்லர் 1979-ல ‘தி ரோஸ்’ படத்துல மேடைப்பாட்டா பாடியிருக்காங்க, கேளுங்க. அதுக்கு முந்தியே, 1966-லயே எஸ்தர் ஃபிலிப்ஸ் ஆண் பெண்ணை இடம் மாத்தி, ஒரு பொண்ணு ஒருத்தனைக் காதலிச்சான்னு தலைப்பையே திருப்பிப் போட்டுப் பாடிட்டாங்க. எனக்கு மிட்லர் வழி பிடிக்கும், ஏன்னா ஆம்பளைங்க இப்படித்தான் ஏமாறுவானுங்கன்னு ஒரு பொம்பளை சொல்றப்போ அதுல கொஞ்சம் இரக்கமும் வருது, கொஞ்சம் நக்கலும் வருது. உங்க ரிசப்ஷனுக்கு எது ஒத்து வரும்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க.

இப்போ தம்பிக்கு. இது டிசைன்ல ரொம்ப எளிமையான பாட்டு. பேஸ் மட்டும் கேட்டா ஸ - நி - த - ப - ம, அப்புறம் ப-வுக்கு ஏறி ஸ-வுக்கு வந்துடும், சங்கராபரணத்துல படி எறங்கற மாதிரி. சி மேஜர்ல சொன்னா இடது கை சி, பி, ஏ, ஜி, எஃப், ஜி, சி. இடது கை இந்த எறக்கத்தை விடாம வாசிச்சா பாதிப் பாட்டு வந்தாச்சு, ஆனா நெறைய பேர் வெறும் கார்டு ரூட்டை மட்டும் டொங்கு டொங்குன்னு அமுக்கறாங்க, அப்போ அந்த எறங்கற ஏக்கமே போயிடும். தாளம் பன்னெண்டு எட்டு, நாலு அடி, ஒவ்வொரு அடிக்குள்ளயும் மூணு, நம்ம கணக்குல திஸ்ர நடை. கீபோர்டுல ‘ஸ்லோ ராக்’னு ஒரு ஸ்டைல் இருக்கும் பாருங்க, அதே நடைதான், ஆனா தயவு செஞ்சு அந்த பட்டனை அமுக்காம கையால வாசிக்கச் சொல்லுங்க. அந்த ஸ்டைல்ல ஒவ்வொரு நாலு பாருக்கும் டிரம் உருட்டிட்டு வரும், பாடறவங்க மூச்சு விடற எடத்துலதான் கரெக்டா வந்து விழும். ஒரிஜினல்ல ஸ்பூனர் ஓல்டாம் வாசிச்ச ஃபர்ஃபிசா ஆர்கன் என்ன பண்ணுதுன்னு கேளுங்க, ஒண்ணுமே பண்ணல! கார்டைப் புடிச்சுக்கிட்டு சும்மா நிக்குது. ஆர்கன் டோன் எடுத்து, ரிவெர்ப் கம்மி பண்ணி, அப்படியே நிக்கச் சொல்லுங்க. ப்ளஸ் டூ பையனுக்கு சும்மா நிக்கறதுதான் கஷ்டம், தெரியும்.

ஸ்ருதி: பெர்சி டி ப்ளாட், அதாவது நம்ம ஒண்ணரைக் கட்டை. நீங்க ஆல்ட்டோன்னா நாலரைக் கட்டை, அஞ்சு கட்டையில வெச்சுப் பாருங்க. பிரிட்ஜ் உங்களுக்கு வசதியா எட்டற மாதிரி மொதல்ல முடிவு பண்ணிட்டு மத்ததைப் பின்னாடி பாருங்க, எல்லாரும் தொடக்கத்தை வெச்சு ஸ்ருதி பிடிச்சுட்டு நடுவுல போய்த் திணர்றாங்க. பாட்டு மூணு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சுடும், நீட்ட வேண்டாம். கடைசியில கூட நாலு தடவை ‘பேபி’ போட்டு கைதட்டு வாங்கற வேலை வேண்டவே வேண்டாம்.

இன்னொண்ணு, கல்யாணத்துக்கு இது பொருத்தமான பாட்டான்னு நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்லிடறேன். ஏமாத்தினாலும் தெரியாத முட்டாளா ஆயிட்டான்னு வர்ற பாட்டு இது. மாப்பிள்ளை வீட்லயே கேட்டிருக்காங்கன்னா வரிகளைப் படிச்சிருக்க மாட்டாங்க. விடுங்க, ட்யூன் நல்லா இருக்கு, எல்லாரும் கண்ணைத் தொடச்சுட்டு சாப்பாட்டுப் பந்திக்குப் போயிடுவாங்க.

இந்தப் பாட்டை எழுதினது பெர்சி இல்லையாமே? கேசட் அட்டையில வேற ரெண்டு பேர் போட்டிருக்கு. அப்போ போல்டன் பாடினப்போ காசு யாருக்குப் போச்சு? (கீபோர்டு வாசிப்பவர், ஊட்டி)

எழுதினவங்கன்னு பேர் இருக்கறது கால்வின் லூயிஸ், ஆண்ட்ரூ ரைட், ரெண்டு பேரும் எஸ்கொயர்ஸ் காம்போவுல பேஸும் ஆர்கனும் வாசிச்சவங்க. பெர்சி பிற்காலத்துல சொன்னது, அந்த மெட்டு தன் மனசுல ரொம்ப நாளா ஓடிட்டு இருந்தது, பசங்க கூட வாசிச்சாங்களேன்னு கிரெடிட்டை அவங்களுக்கே குடுத்துட்டேன், அதுதான் தான் எடுத்ததுலயே மோசமான முடிவுன்னு.

அது ஏன் அவ்ளோ பெரிய விஷயம்னா, அமெரிக்காவுல சாதாரண ஏஎம், எஃப்எம் ரேடியோவுல பாட்டு ஓடினா காசு எழுதினவருக்கும் பப்ளிஷருக்கும்தான், பாடினவருக்கு பைசா கிடையாது. இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான். கவர் வெர்ஷன் வித்தாலும் அதே கதை, பாட்டோட ராயல்டி எழுதினவங்களுக்கு, ரெக்கார்டோட காசு புதுசா பாடினவருக்கும் அவர் கம்பெனிக்கும். நடுவுல பழைய பாடகர் எங்கயும் வரமாட்டார். அதனால 1991-ல போல்டன் ரெக்கார்டு லட்சக்கணக்குல வித்தப்போ பெர்சிக்கு அந்த ரெக்கார்டுல இருந்து வர வேண்டிய பங்குன்னு ஒண்ணு இல்லவே இல்ல. கச்சேரி பண்ணித்தான் சம்பாதிக்கணும். 2015-ல சாகற வரைக்கும் அவர் பேரு சொன்னா ஜனங்க கேக்கறது இந்த ஒரே பாட்டைத்தான்.

இது அவருக்கு மட்டும் நடந்ததுன்னு நெனைக்காதீங்க. ஃபேம் ஸ்டூடியோல 1967-ல எட்டா ஜேம்ஸ் பாடின ‘ஐட் ராதர் கோ பிளைண்ட்’ இருக்கே, என் கணக்குல அதுதான் சோல் பேலட்ல, அதாவது அமெரிக்கக் கருப்பர்களோட உருக்கமான மெதுநடைப் பாட்டுகள்ல, உச்சம், அவன் வேற ஒருத்திகூட போறதைப் பார்க்கறதுக்கு கண்ணே இல்லாம போகலாம்னு ஒருத்தி சொல்றா. அதுல எல்லிங்டன் ஜோர்டன், பில்லி ஃபோஸ்டர்னு ரெண்டு பேர்தான் இருக்கும். எட்டா தன் சுயசரிதையில சொல்றாங்க, தானும் சேர்ந்து எழுதினது, டாக்ஸ் பிரச்சினைக்காக தன் பங்கை ஃபோஸ்டர் பேருக்குப் போட்டேன்னு. அப்புறம் பாருங்க, அது ‘டெல் மாமா’ ரெக்கார்டுக்குப் பின்பக்கமா வந்த பாட்டு, அதை 1969-ல பிரிட்டன்ல சிக்கன் ஷேக் பேண்டு பண்ணி ஹிட் ஆக்கினாங்க, பாடினது கிறிஸ்டின் பெர்ஃபெக்ட், பின்னாடி ஃப்ளீட்வுட் மேக்ல கிறிஸ்டின் மெக்வீயா வந்தவங்க. 1972-ல ராட் ஸ்டூவர்ட், 2008-ல எட்டா வேஷத்துலயே நடிச்சுப் பாடின பியான்சே, 2012-ல கென்னடி சென்டர் விழாவுல பெத் ஹார்ட்டும் ஜெஃப் பெக்கும். இதுல கிறிஸ்டின் பாடினதை நீங்க கேட்டே ஆகணும். எட்டா மாதிரி பாட முயற்சியே பண்ணல அந்தப் பொண்ணு, கையைக் கட்டிட்டு ஓரமா நின்னு சொல்ற மாதிரி இருக்கும். அங்கதான் கவர்னா என்னன்னு புரியும்.

வாசிச்சவங்க சண்டை போட்டு ஜெயிச்ச கதையும் ஒண்ணு உண்டு, நீங்க கீபோர்டுக்காரர்ங்கிறதால சொல்றேன். 1967-ல புரோகோல் ஹாரம் பேண்டு பண்ணின ‘எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்’, அதுலயும் பேஸ் இதே மாதிரி படி எறங்கும், ஆர்கன்தான் அந்தப் பாட்டோட முகமே. அந்த ஆர்கனை வாசிச்ச மேத்யூ ஃபிஷர் கிட்டத்தட்ட நாப்பது வருஷம் கழிச்சு கோர்ட்டுக்குப் போய், 2009-ல பிரிட்டன் ஹவுஸ் ஆஃப் லார்ட்ஸ் வரைக்கும் போய், கிரெடிட்ல பங்கு வாங்கிட்டார். அதனால ஸ்டூடியோவுக்கு வாசிக்கப் போனா எழுதினவங்கன்னு யார் பேர் போடறீங்கன்னு அன்னைக்கே கேட்டுடுங்க.

சார், நான் பேண்டுல டிரம்பெட். டிசம்பர்ல ராத்திரி ஓப்பன் ஸ்டேஜ்ல வாசிச்சா கீபோர்டுக்கும் எனக்கும் ஸ்ருதி சேரவே மாட்டேங்குது. எல்லாரும் என்னையே திட்றாங்க. (வெலிங்டன்)

இந்தப் பாட்டுக்கே உங்க பிரச்சினைதான்! ஒரிஜினல் ரெக்கார்டுல கடைசியில வர்ற ஹார்ன்ஸ், அதான் டிரம்பெட் மாதிரி ஊதற வாத்தியங்க, கொஞ்சம் ஸ்ருதி விலகித்தான் இருக்கும், ஹெட்போன்ல கேட்டுப் பாருங்க. மசில் ஷோல்ஸ் ஆளுங்க சொல்ற கதை என்னன்னா, வெக்ஸ்லர் இதைக் கேட்டுட்டு ஹார்ன்ஸை மறுபடியும் வாசிச்சு அனுப்புங்கன்னு சொன்னாராம், இவங்களும் வாசிச்சு புது டேப் அனுப்பினாங்களாம், ஆனா கம்பெனியில கை தவறி பழைய டேப்பையே அழுத்தி வெளிய விட்டுட்டாங்களாம். அது நம்பர் ஒன் ஆயிடுச்சு, அப்புறம் யார் போய் மாத்தறது.

ஆனா மேடையில உங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் நடக்காது. தப்பு உங்களோடது மட்டும் இல்ல, குளிரோடது. குழாய்க்குள்ள காத்து குளிர்ந்தா சத்தம் ஓடற வேகம் கொறையும், ஸ்ருதி எறங்கும். ஒரு டிகிரிக்கு சுமார் 3 சென்ட், ஒரு செமிடோன்னா 100 சென்ட், அப்போ பத்து டிகிரி எறங்கினா கிட்டத்தட்ட செமிடோன்ல மூணுல ஒரு பங்கு போச்சு. டிஜிட்டல் கீபோர்டுக்கு குளிர் பத்திக் கவலையே இல்ல, அது நின்ன எடத்துலயே நிக்கும். கிடார் கம்பி இன்னும் மோசம், குளிர்ல சுருங்கி மேல ஏறும், நீங்க கீழ போறீங்க அவன் மேல போறான், நடுவுல பாடறவன் பாவம். ஊதிட்டே இருந்தா மூச்சுச் சூட்டுல உங்களுது சரியாயிடும், ஆனா இந்தப் பாட்டுல ஹார்ன்ஸ் கடைசியிலதான் வருது, அதுக்குள்ள ஆறிப்போயிடும். அதனால சும்மா நிக்கற நேரத்துல சத்தம் வராம உள்ள சூடான மூச்சை விட்டுட்டே இருங்க, மவுத்பீஸை பாக்கெட்ல வைங்க, டியூனிங் ஸ்லைடை வீட்ல வெச்ச எடத்தவிட கொஞ்சம் உள்ள தள்ளுங்க. கிடார்காரரை மேடைக்கு வந்து அரை மணி நேரம் கழிச்சு டியூன் பண்ணச் சொல்லுங்க, கார்ல இருந்து எறங்கினதும் பண்ணினா வேஸ்ட்.

இங்கிலீஷ்காரன் ஒருத்தன் பாட்ட இன்னொருத்தன் பாடறான், இதுல என்னய்யா இருக்கு? தமிழ்ப் பத்திரிகையில இதுக்கு ஒரு இதழா? (ஓய்வு பெற்றவர், அருவங்காடு)

இங்கிலீஷ்காரன் இல்லீங்கய்யா, அமெரிக்கக் கருப்பர். மார்கழி முழுக்க நீங்க ரேடியோவுல கேக்கற தியாகராஜர் கீர்த்தனை எல்லாமே ஒருத்தர் பாட்ட இன்னொருத்தர் பாடறதுதானே. ஒரே கீர்த்தனைக்கு இந்த வித்வான் பாடற சங்கதி நல்லாருக்கா அந்தம்மா பாடினதான்னு நீங்களே திண்ணையில உக்காந்து பேசியிருப்பீங்க. அதே பேச்சுதான் இங்கயும்.

போல்டன் பாட்டைத் திருடினார்னு கோர்ட்ல தீர்ப்பே வந்துச்சுன்னு என் ஃப்ரெண்ட் சொல்றான். இந்தப் பாட்டுக்கா? (குன்னூர், இன்னொரு வாசகர்)

இந்தப் பாட்டு இல்ல. இது முறையா எழுதினவங்க பேர் போட்டு, ராயல்டியோட பண்ணின கவர். ஆனா வேடிக்கை என்னன்னா, அதே ஆல்பத்துல, ‘டைம், லவ் அண்ட் டெண்டர்னெஸ்’ல, ‘லவ் இஸ் எ வொண்டர்ஃபுல் திங்’னு அவரும் இன்னொருத்தரும் எழுதினதா ஒரு பாட்டு இருக்கு. அது எங்க பாட்டுன்னு ஐஸ்லி பிரதர்ஸ் கேஸ் போட்டு 1994-ல ஜூரி அவங்களுக்கு சாதகமா தீர்ப்பு சொல்லி, பல மில்லியன் டாலர் கட்ட வேண்டியதா போச்சு, அப்பீல்லயும் தோத்தார். பேர் போட்டு எடுத்தா கிராமி விருது, போடாம எடுத்தா அபராதம், ரெண்டும் ஒரே கேசட்ல.

கிராமின்னதும் ஞாபகம் வருது. 1992 விழாவுல போல்டனுக்கு இந்தப் பாட்டுக்காக சிறந்த பாப் பாடகர் விருது குடுத்தாங்க. அதே விழாவுல சிறந்த பாடலுக்கான விருது வாங்கினவர் இர்விங் கார்டன், வயசான பாட்டாசிரியர், நாட் கிங் கோல் 1951-ல பாடி, அப்போ மகள் நடாலி மறுபடி பாடின ‘அன்ஃபர்கெட்டபிள்’ அவர் எழுதினது. மேடையேறி, தொண்டை கிழியக் கத்தாம, குடல் எறங்காம பாடற மாதிரி ஒரு பாட்டுக்குப் பரிசு குடுத்தது சந்தோஷம்ங்கற மாதிரி ஒரு குத்து குத்திட்டு எறங்கினார். யாருக்குன்னு பேர் சொல்லல. போல்டனுக்குப் புரிஞ்சிருக்கும்.

அந்த ‘அன்ஃபர்கெட்டபிள்’ல செத்துப்போன அப்பாவோட மகள் டூயட் பாடுவாங்களாமே, அதுவும் கவரா? இப்ப ஏஐ வெச்சு யார் குரல்ல வேணா பாட வைக்கறாங்க, பெர்சி குரல்ல தமிழ்ப் பாட்டு கேட்டேன், நல்லாத்தான் இருந்துச்சு. (கோத்தகிரி, தேயிலைத் தொழிற்சாலை ஊழியர்)

நடாலி கோல் பண்ணினது பழைய ரெக்கார்டுல இருந்த அப்பா குரலை எடுத்து, தன் குரலைச் சேர்த்தது. அப்பா நெசமாவே பாடின வரிங்கதான் அது. ஏஐ அப்படி இல்ல, அவர் பாடாததைப் பாடின மாதிரி காட்டுது. நம்ம ஊர்ல 2024-ல ‘லால் சலாம்’ படத்துக்கு ஏ.ஆர்.ரஹ்மான், மறைஞ்ச பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது ரெண்டு பேர் குரலையும் ஏஐயில கொண்டு வந்தார், குடும்பத்துகிட்ட அனுமதி வாங்கி காசும் குடுத்ததா சொன்னார். அனுமதி, காசு ரெண்டும் இருந்தா சண்டைக்கு நான் வரல. ஆனா நீங்க கேட்ட பெர்சி தமிழ்ப் பாட்டுக்கு யார்கிட்ட யார் கேட்டாங்க? உயிரோட இருந்தப்போ எழுதின காசு போச்சு, இப்போ குரலும் போகுதா. எனக்கு அது நல்லா இல்லீங்க.

நாங்க நாலு பேர் சேர்ந்து இந்தப் பாட்டை தமிழ் வரி போட்டு யூடியூப்ல விடலாம்னு இருக்கோம். கேஸ் வருமா? (கூடலூர்)

அப்படியே இங்கிலீஷ்ல பாடினா ஒரு மாதிரி, தமிழ் வரி போட்டா வேற மாதிரி. வரியை மாத்தறது, மொழிபெயர்க்கறது எல்லாம் உரிமையாளர்கிட்ட தனியா அனுமதி வாங்க வேண்டியது, அதுல சுருக்கு வழி இல்ல. மாத்தாம பாடி ஆடியோவா வெளியிட நம்ம காப்பிரைட் சட்டத்துல 31சி பிரிவு இருக்கு, முதல் ரெக்கார்டிங் வந்து அஞ்சு வருஷம் தாண்டியிருக்கணும், முன்கூட்டியே தெரிவிச்சு, வருஷத்துக்கு குறைஞ்சது 50,000 காப்பிக்கு ராயல்டி கட்டணும்னு இருக்கு. நாலு பசங்க கிட்டார் வாசிக்கற குரூப்புக்கு இது ஆகற காரியமா? யூடியூப்ல நடைமுறையில என்ன ஆகும்னா, அவங்க சிஸ்டம் மெட்டைக் கண்டுபிடிச்சு க்ளெய்ம் போட்டுடும், விளம்பரக் காசு பப்ளிஷருக்குப் போயிடும், சில சமயம் வீடியோவையே தூக்கிடும். கரோக்கி ட்ராக் மேல பாடினா அந்த ட்ராக் பண்ணினவனும் க்ளெய்ம் போடுவான். நீங்களே வாசிங்க. கல்யாண வீட்ல பாடறதுக்கு மட்டும் பயம் வேண்டாம், கல்யாணமும் அதை ஒட்டின விசேஷங்களும் சட்டத்துலயே விலக்கு குடுத்த எடம், கோத்தகிரி அம்மணியும் இதைப் படிச்சு நிம்மதி ஆகிக்கலாம்.

போல்டன் கேசட்டை எடுத்துப் பார்த்தா டேப் ஓரமெல்லாம் வெள்ளையா பூசணம். போட்டுக் கேக்கலாமா? (மேல சொன்ன சித்தப்பாவேதான், குன்னூர்)

போடாதீங்கண்ணே! நம்ம ஈரத்துக்கு எல்லார் வீட்டு கேசட்டும் இப்படித்தான். பூசணத்தோட ஓட்டினா அது பிளேயர் ஹெட்ல ஒட்டி, அடுத்து போடற கேசட்டுக்கெல்லாம் பரவும். மொதல்ல ஒரு டப்பாவுல சிலிகா ஜெல் பாக்கெட் நாலு போட்டு, கேசட்டை உள்ள வெச்சு மூடி ஒரு வாரம் காய விடுங்க. அப்புறம் வெயில் அடிக்கற நாளாப் பார்த்து வெளிய உக்காந்து, மூக்குல மாஸ்க் கட்டிக்கிட்டு, ஸ்க்ரூ வெச்ச கேசட்டா இருந்தா பிரிச்சு, சுருளோட ஓரத்தை மட்டும் காஞ்ச மெல்லிசுத் துணியில மெதுவா துடைங்க. ஒட்டு வெச்ச கேசட்டுன்னா பிரிக்க முடியாது, உள்ள இருக்கற சுருளை வேற ஸ்க்ரூ கேசட் கூட்டுக்கு மாத்தணும், அது பொறுமை இருக்கறவங்க வேலை. ஓட்டினப்புறம் ஹெட்டையும் ரப்பர் ரோலரையும் ஐசோபுரொபைல் ஆல்கஹால்ல துடைச்சிடுங்க, மெடிக்கல் ஷாப்ல கேட்டா கிடைக்கும். ஓட்டறது ஒரே ஒரு தடவையா இருக்கட்டும், அப்பவே ஃபோன்லயோ கம்ப்யூட்டர்லயோ ஏத்திக்குங்க. கூடவே பெர்சி பாடினதையும் டவுன்லோட் பண்ணி வெச்சுக்குங்க, உங்க அண்ணன் மறுபடியும் கேப்பார்.